எட்டு எம்.எம். ஃப்ரைட் ரைஸ்

போடிநாயக்கனூரில் நல்ல சீனச் சாப்பாடும் நல்ல கொரியச் சாப்பாடும் எங்கே கிடைக்கும் என்று யாரும் கேட்காதிருந்த வரைக்கும், இரண்டும் தாராளமாகக் கிடைத்துக்கொண்டுதான் இருந்தன.

பஸ் ஸ்டாண்டை ஒட்டிய மூலையில் என் தள்ளுவண்டி. ஃப்ரைட் ரைஸ், நூடுல்ஸ், கோபி மஞ்சூரியன். எதிரே சவுகத் அலி பாயின் கடை. அது பரோட்டாக் கடையாகத்தான் இருந்தது. அவர் மகள் ஆஷிகா ஒரு கோடை லீவு முழுக்கக் கொரிய நாடகம் பார்த்து அழுது முடித்ததும் கொரியக் கடை ஆகிவிட்டது. முட்டைக்கோஸில் மிளகாய் விழுதைத் தடவிப் புளிக்கவைத்து, கிம்ச்சி என்று சொல்லிக் கிண்ணத்தில் வைப்பாள். காலேஜ் பிள்ளைகள் அதைக் குச்சியால் பிடித்து ஃபோட்டோ எடுத்துக்கொண்டு, பிறகு குச்சியைக் கீழே வைத்துவிட்டுக் கையால் தின்பார்கள். நானும் பாயும் ஒரே மூட்டை முட்டைக்கோஸை வாங்கி ஆளுக்குப் பாதி எடுத்துக்கொள்வோம். சீனாவுக்கும் கொரியாவுக்கும் இடையே எங்கள் ஊரில் இருந்த விவகாரம் அவ்வளவுதான்.

அப்போதுதான் ஒரு மேலதிகாரி குடும்பத்தோடு குரங்கணி மலைக்கு வந்தார். மலை இறங்கும்போது ஜீப்பில் அவர் மகள், "இந்த ஊரில் நல்ல கொரியன் ஃபுட் எங்கே கிடைக்கும்?" என்று கேட்டுவிட்டாள். அவர் தனக்குக் கீழே இருந்தவரைக் கேட்டார். கீழே இருந்தவர் தனக்குக் கீழே இருந்தவரைக் கேட்டார். கேள்வி இப்படியே இறங்கி இறங்கி, அலுவலக வாசலில் தயிர்ச்சோறு தின்றுகொண்டிருந்த காவலாளியிடம் வந்து நின்றது. அதற்குக் கீழே ஆள் இல்லை.

"பொதுமக்களுக்கு அத்தியாவசியமான இவ்விவரம் ஒரு நகரத்தில் இல்லாமலிருப்பது மிகுந்த கவலைக்குரியது" என்று மறுவாரமே உத்தரவு வந்தது. அயல்நாட்டு உணவுகள் அனைத்தும் தரம் பிரிக்கப்படும். முதல் தரம் பெறுபவருக்கு பஸ் ஸ்டாண்டு மூலை. மற்ற கடைகளும் வண்டிகளும் ஊருக்கு வெளியே சிலமலை ரோட்டுக்கு அப்புறப்படுத்தப்படும்.

எனக்கு அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை. என் வீட்டுக்காரர் முனீஸ்வரன் ஏலத்தோட்டத்துக்குப் போகும் ஜீப்பிலிருந்து விழுந்து இடுப்பு ஒடிந்தவர். உட்கார்ந்தபடி முட்டைக்கோஸ் நறுக்குவது ஒன்றுதான் அவரால் முடிந்த சோலி. அந்த மூலைதான் எங்கள் அடுப்பு. சிலமலை ரோட்டில் பொழுது சாய்ந்தால் லோடு லாரிதான் நிற்கும். அதுவும் பஞ்சரானால்தான் நிற்கும்.

தரம் பிரிக்கக் குழு கூடியது. குழுவில் ஒருவரும் கொரியச் சாப்பாடு சாப்பிட்டதில்லை. ஒருவர் சீனச் சாப்பாடு சாப்பிட்டிருந்தார். அதனால் பாரபட்சம் வந்துவிடும் என்று அவரை நீக்கிவிட்டார்கள். பிறகு, "தரம் பிரிக்கத் தெரிந்த ஆள் ஊரில் யார்?" என்று கேள்வி எழுந்தது. எங்கள் ஊரில் இந்தக் கேள்விக்கு ஒரே பதில்தான். ஏலக்காய்த் தரம் பார்த்தே தலை நரைத்த ஜக்கையன் அண்ணன். "ஏலக்காய் மலையில் விளைகிறது, சீனாவிலும் மலைகள் உள்ளன" என்று காரணம் எழுதி, அவரை நிபுணராக நியமித்தார்கள்.

ஜக்கையன் அண்ணன் தட்டும், ஏலக்காயை ஏழு எம்.எம்., எட்டு எம்.எம். என்று பருமன் பிரிக்கும் சல்லடைகளும் கொண்டு என் வண்டிக்கு வந்தார். கூடவே குழுவும் வந்தது.

ஒரு கோபியை இரண்டு விரலால் எடுத்தார். வெயிலுக்குக் காட்டினார். முகர்ந்தார். காதோரம் வைத்துக் குலுக்கினார்.

"உள்ளே ஒண்ணும் ஆடலையே, ஆத்தா."

"அண்ணே, அது காலிஃபிளவரு."

"எதுவா வேணா இருக்கட்டும். நல்ல சரக்குன்னா உள்ளே ஆடணும்." பார்த்த கோபியைத் தரையில் போட்டார். ஏலக்காய் ஏலத்தில் அதுதான் வழக்கம். தட்டில் அள்ளிப் பார்த்த மாதிரியை யாரும் திரும்ப வைக்கமாட்டார்கள்.

"ஒரு வாய் தின்னு பாருங்கண்ணே."

"ஏலக்காயை எவன் தின்னு பார்த்து வாங்குறான்? தின்னா நாக்கு ஒரு பக்கம் சாயும். கண்ணு சாயாது." குழு தலையாட்டியது. "அப்புறம் ஒண்ணு. இது ஏன் செகப்பா இருக்கு? பச்சைதான் முதல் தரம்."

ஃப்ரைட் ரைஸைச் சல்லடையில் கொட்டினார். அத்தனையும் கீழே போனது. "தூளு" என்றார். நூடுல்ஸைக் கொட்டினார். பாதி மேலேயும் பாதி கீழேயுமாகத் தொங்கியது. நெடுநேரம் குலுக்கிப் பார்த்துவிட்டு, 'ஆய்வுக்கு ஒத்துழைக்க மறுத்தது' என்று எழுதச் சொன்னார்.

எதிரே போய் கிம்ச்சியைத் தொட்டவர் கையை உதறினார். "என்ன பாய், இம்புட்டு ஈரம்? ஈரச் சரக்கை எவன் எடுப்பான்? வெயில்ல போடுங்க."

ஆஷிகாவுக்கு அழுகை முட்டியது. "மாமா, கிம்ச்சி ஈரமாத்தான் இருக்கணும். புளிக்கணும்."

"பாப்பா, கொரியாவுல மழை பெய்யுமா?"

"பெய்யும்."

"அதான் நமுத்துப்போயிருக்கு. நம்ம ஊர் வெயிலுக்கு ஒரு நாள்ல சரியாயிரும்."

மறுபரிசீலனைக்கு ஒரு வாரம் கொடுத்தார்கள். பாய் கிம்ச்சியை மொட்டை மாடியில் காயப்போட்டார். அது வத்தல் ஆனது. பொரித்தால் நன்றாகவே இருந்தது. நான் புதினா, கொத்தமல்லி, முருங்கைக்கீரை மூன்றையும் அரைத்து நூடுல்ஸில் ஊற்றினேன். முனீஸ்வரன் ஃப்ரைட் ரைஸை ஏலக்காய்ப் பருமனுக்கு அழுத்தி உருட்டி, கடன் வாங்கிய எட்டு எம்.எம். சல்லடையில் போட்டுப் பார்த்தார். கோபிக்குள் ஆடுவதற்கு ஒரு வறுத்த கடலை வைத்தோம்.

"ஏன்டி, இதை எவன்டி திம்பான்?" என்றார்.

"திங்கிறதுக்கா செய்றோம்? உருட்டுங்க வெரசா."

ஆனால் ஊர் தின்றது. குழு வந்து பார்க்கிற பண்டம் என்று பேர் பரவிவிட்டது. சென்னையிலிருந்து மலையேற வந்த பையன்கள் செல்போனை நீட்டிக்கொண்டு பச்சை நூடுல்ஸ் கேட்டார்கள். காலேஜ் பிள்ளைகள் கோபியைக் காதில் குலுக்கிப் பார்த்துவிட்டே வாயில் போட்டார்கள். "அக்கா, எட்டு எம்.எம். ஃப்ரைட் ரைஸ் இருக்கா? ஏழுன்னா வேண்டாம்" என்று ஒருத்தி கேட்டாள். ஏழுக்கும் எட்டுக்கும் ருசியில் என்ன வித்தியாசம் என்று கேட்டேன். "ஏழுல ஒரு ஆழம் இல்லக்கா" என்றாள்.

தீர்ப்பு நாளில் மூலை நிரம்பிவிட்டது. ஜக்கையன் அண்ணன் குலுக்கினார், சலித்தார், தரையில் போட்டார். கடைசியில் என்னைப் பார்த்துக் கும்பிட்டார். "ஆத்தா, இப்படி ஒரு பச்சையை நான் மலையிலகூட பார்த்ததில்லை. முதல் தரம்!"

பாயின் சரக்கு மட்டம் என்று ஆனது. வத்தலில் நிறம் தங்கவில்லையாம். எனக்கு மாலை போட்டார்கள். மூலை என்னுடையது என்று ஒலிபெருக்கியில் சொன்னார்கள். முனீஸ்வரன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் அடுப்பைப் பற்றவைத்து, முதல் பிளேட்டை ஒரு பையனிடம் நீட்டினேன்.

ஜக்கையன் அண்ணன் பதறி ஓடிவந்து பிளேட்டைப் பிடுங்கினார். "என்ன காரியம் பண்றே? முதல் தரத்தை உள்ளூர்ல விப்பாங்களா?"

"அப்புறம் எங்கேண்ணே விக்கிறது?"

"வெளியூரு. வெளிநாடு. நம்ம ஊர்ல எவனாவது எட்டு எம்.எம். ஏலக்காய் போட்டு டீ குடிச்சிருக்கானா? நமக்கு எப்பவும் கழிச்சுப்போட்டதுதானே?"

கூட்டத்தில் ஒருவராவது சண்டைக்கு வருவார் என்று சுற்றிப் பார்த்தேன். எல்லாரும், "ஆமா, அதுதானே முறை" என்று சொல்லிக்கொண்டே எதிரே பாய் கடைக்கு நடந்தார்கள். பாய் கடையை அப்புறப்படுத்த முடியவில்லை. அப்புறப்படுத்தினால் உள்ளூர் ஜனம் எங்கே சாப்பிடும் என்று குழுவே கேட்டுக்கொண்டது.

மூன்று நாள் மாலையோடு மூலையில் நின்றேன். சீனாவிலிருந்து ஒரு லாரியும் வரவில்லை. நான்காம் நாள் சல்லடையும் வேண்டாம், பச்சையும் வேண்டாம் என்று, பழையபடி சிவந்த நூடுல்ஸைக் கிண்டி எடுத்துக்கொண்டு ஜக்கையன் அண்ணன் வீட்டுக்குப் போனேன்.

"அண்ணே, பெரிய மனசு பண்ணி என்னையும் மட்டம்னு எழுதிருங்க."

"அம்புட்டு லேசா முடியாது ஆத்தா. உனக்கு முன்னாடி மத்த வண்டிக்காரங்க நாலு பேரு மட்டம் கேட்டு நிக்கிறாங்க. எல்லாருக்கும் சிபாரிசு இருக்கு." நான் தாலியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு அழுதேன். அவர் நூடுல்ஸைச் சல்லடையில் போட்டார். தொங்கியது. இரக்கப்பட்டு, மட்டம் என்று எழுதிக் கொடுத்தார்.

அந்தக் காகிதத்தைச் சட்டம் போட்டு வண்டியில் மாட்டியதிலிருந்து கூட்டம் தாங்கவில்லை. "மட்டத்துல ரெண்டு, முட்டை போட்டு" என்று பெருமையாகக் கேட்கிறார்கள். அந்த மேலதிகாரியின் மகள்கூட வந்து தின்றுவிட்டு, அசல் சீனா என்று செல்போனில் எழுதிவிட்டுப் போனாள். நிம்மதியாகத்தான் இருந்தேன், நேற்று வரைக்கும்.

நேற்று புது உத்தரவு வந்திருக்கிறது. மட்டங்களுக்குள்ளே எது சிறந்த மட்டம் என்று தேர்ந்தெடுத்து வெளியூருக்கு அனுப்பப் போகிறார்களாம். அந்தப் பயத்தில் இன்றிலிருந்து கொஞ்சம் மோசமாகச் சமைக்கத் தொடங்கியிருக்கிறேன். உப்பு கூட, எண்ணெய் காறல், கோபி பாதி வேக்காடு. இதுவரைக்கும் ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை. இரண்டு பேர் மட்டும் இன்னொரு பிளேட்டு கேட்டார்கள்.