எங்கும் போக விரும்பாத தம்பதி

மனிதகுலத்தின் தலைசிறந்த கண்டுபிடிப்பு சக்கரம் என்பார்கள். தவறு. அந்தச் சக்கரத்தை மெதுவாக உருட்டினால் அதற்குத் தத்துவம் என்று பெயர் வைக்கலாம் என்று கண்டுபிடித்தானே ஒருவன், அவன்தான் மேதை. சாதாரணப் பயணிகள் பத்து நாளில் பொலிவியாவைப் பார்த்துவிட்டுப் போகிறார்கள். 'நிதானப் பயணிகள்' எட்டு மாதம் எடுத்துக்கொண்டு அங்கே 'வாழ்ந்துவிட்டு'ப் போகிறார்கள்.

அர்ஜென்டினாவின் ரோசாரியோ நகரத்து எர்னானும் அவன் மனைவி ஹிமேனாவும் இரண்டாவது வகை. 'நாங்கள் சுற்றுலாப் பயணிகள் அல்ல' என்று வேனின் பின்கதவில் எழுதி ஒட்டியிருந்தார்கள். அந்த வேன் நாலாயிரம் மீட்டர் உயரத்தில் இருக்கும் ஹாச்சகாலா என்ற பொலிவியக் கிராமத்துக்கு வந்து நின்று, இரண்டு மாதம் நின்றபடியே இருந்தது. சாவ் பாவ்லோவுக்குத் தையல் வேலைக்குப் போய்விட்ட தியோடோசியோவின் பூட்டிய வீட்டைத் திறந்து அவர்களுக்குக் கொடுத்தார்கள்.

கொடுத்தவர் ஊர்த்தலைவர் செவேரோ. அவர் மனசில் ஒரு கணக்கு இருந்தது.

ஹாச்சகாலாவில் தலைவர் பதவியைத் தேடி யாரும் போவதில்லை. அது முறை வைத்து வீடு வீடாக வரும். ஒற்றை ஆளுக்குக் கிடையாது. புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்தே பதவி ஏற்க வேண்டும். புருஷன் சிவப்புக் கம்பளிப் போர்வையான போன்ச்சோவைப் போர்த்தி, சாட்டையைக் குறுக்கே மாட்டிக்கொள்வார். அவள் கோக்கா இலை மூட்டையைத் தூக்கிக்கொள்வாள். அந்த ஒரு வருடம் இருவரும் ஒரு ராத்திரிகூட வெளியூரில் தங்கக் கூடாது. தங்கினால் உருளைக்கிழங்குப் பயிர்மேல் ஆலங்கட்டி மழை பெய்யும். முன்பொரு தலைவர் ஒருரோ நகரத்தில் மச்சினன் கல்யாணத்துக்குப் போனார், பெய்தது. யாரும் எங்கும் போகாத வருடங்களிலும் பெய்திருக்கிறது, ஆனால் அதை ஊர் கணக்கில் சேர்ப்பதில்லை.

செவேரோவின் வருடம் போன ஜனவரியிலேயே முடிந்துவிட்டது. ஆனால் அடுத்த முறைக்குரிய தியோடோசியோவின் வீடு பூட்டிக் கிடந்தது. அதற்கடுத்தது கணவனை இழந்தவள் வீடு, அதற்கடுத்தது கல்யாணமாகாதவன் வீடு, அப்புறம் வரிசையாகப் பூட்டுகள். ஆகவே இரண்டாம் வருடமும் அவரே. இப்போது மூன்றாம் வருடம் நெருங்கிக்கொண்டிருந்தது.

இதற்கிடையில் தெற்கே தாரிஹாவில் அவர் மகள் லிடியாவுக்குப் பெண் குழந்தை பிறந்து, தவழ்ந்து, நடக்கவும் ஆரம்பித்துவிட்டது. செவேரோவின் மனைவி பசிலியா பேத்திக்குக் கம்பளித் தொப்பி பின்னினாள். போக முடியவில்லை. அதற்குள் தலை வளர்ந்துவிட்டது. பெரிதாக இன்னொன்று பின்னினாள். அதற்கும் தலை காத்திருக்கவில்லை. இப்போது பின்னிக்கொண்டிருப்பது மூன்றாவது.

"பஸ்ல குடுத்து அனுப்பேன்" என்றார் செவேரோ ஒருநாள்.

"என் கையால மாட்டி விடத்தான பின்றேன். பஸ்ஸா மாட்டி விடும்?" என்றாள் பசிலியா.

ஜனவரிப் பொதுக்கூட்டம் கூடியது. அவரவர் வீட்டுக் கிழங்கையும் அவித்த மொச்சையையும் நடுவே விரித்த துணியில் கொட்டி ஊரே சுற்றி உட்கார்ந்து சாப்பிட்டது. ஹிமேனாவுக்குக் கண் கலங்கிவிட்டது. எழுந்து நெஞ்சில் கை வைத்தாள்.

"நாங்க விருந்தாளிங்க இல்ல. உங்கள்ல ஒருத்தங்க. உங்க பாரத்த எங்க தோள்லயும் வைங்க."

செயலாளர் மாக்சிமோ இதை வார்த்தை பிசகாமல் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். நகரத்தில் இந்த மாதிரிப் பேச்சுக்குக் கைதட்டுவார்கள். ஹாச்சகாலாவில் அதை எழுதிவைத்து, நம்பிவிடுவார்கள்.

செவேரோ மென்றுகொண்டிருந்த கிழங்கை விழுங்கினார். "எல்லாப் பாரமுமாம்மா?"

"எல்லாமும்தான்."

"ரெண்டு பேருமா?"

"எங்களப் பிரிச்சே பாக்காதீங்க" என்றான் எர்னான்.

மாக்சிமோவுக்குச் சட்ட நுணுக்கம் முக்கியம். "கல்யாணம் ஆயிருச்சுல்ல?"

"ஆச்சே. கடற்கரையில."

"அன்னைக்கு ஆலங்கட்டி விழுந்துச்சா?"

"இல்லையே."

"அப்பச் செல்லும்."

'தியோடோசியோ வீட்டின் முறையானது, அவ்வீட்டில் தற்போது அடுப்பெரிக்கும் தம்பதியரைச் சாரும்' என்று ஏகமனதாகத் தீர்மானம் நிறைவேறியது. ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை.

ஞாயிற்றுக்கிழமை பதவியேற்பு. இரண்டு வருடத்துக்குப் பிறகு போன்ச்சோவைக் கழற்றிய செவேரோவுக்குத் தோள் ஜில்லென்று இருந்தது. அந்தக் குளிர் அவருக்கு அவ்வளவு பிடித்திருந்தது. புதுத் தலைவர் விதவிதமாய் நின்று நூற்றுப் பன்னிரண்டு படம் எடுத்துக்கொண்டார். பசிலியா செவ்வாய்க்கிழமை பஸ்ஸுக்கு மூட்டையே கட்டிவிட்டாள்.

திங்கட்கிழமை காலை செவேரோ பொறுப்புகளை ஒப்படைக்கப் போனார்.

"நாளைக்குத் தண்ணிக் குழாய் மனு விஷயமா முனிசிபாலிட்டி போகணும் தம்பி. காலையில போய் உக்காந்தா சாயங்காலம் 'நாளைக்கு வா'ம்பாங்க. மறுநாள் போகணும்."

"எவ்ளோ நாளா இது நடக்குது?"

"பதினாலு மாசம். அப்புறம் ரெண்டு வீட்டுக்கு வரப்புத் தகராறு. யாரு பக்கம் பேசினாலும் இன்னொருத்தர் அடிக்க வருவாரு. அதுக்குத்தான் சாட்டை. ராத்திரி மட்டும் வெளியூர்ல தங்கிராதீங்க."

"எத்தன ராத்திரி?"

"ஒரு வருஷந்தான்."

எர்னான் போன்ச்சோவைக் குனிந்து பார்த்தான். "இது... சும்மா ஒரு கௌரவம் இல்லையா?"

"கௌரவந்தான் தம்பி. அதான் தப்பிக்க முடியல."

ஹிமேனா மென்மையாகக் குறுக்கிட்டாள். "வெள்ளிக்கிழம உப்புப் பாலைவனத்துல எங்களுக்கு ஒரு சூரிய உதயம் முன்பதிவாயிருக்கு."

"இங்கயும் உதிக்கும்மா. தெனம்."

செவ்வாய்க்கிழமை காலை வேனைக் காணவில்லை. செவேரோவின் வாசலில் போன்ச்சோ அழகாக மடித்து வைக்கப்பட்டிருந்தது. மேலே ஒரு சீட்டு: 'ஹாச்சகாலா எங்கள் இதயத்தில் எப்போதும் இருக்கும்.' போன்ச்சோவுக்குத் தோள் இல்லாமல் போனால் அதைக் கடைசியாகச் சுமந்தவரே மறுபடி சுமக்க வேண்டும் என்பது ஊர் வழக்கம். செவேரோ அதைப் போர்த்திக்கொண்டார். அழவேண்டும் போலிருந்தது; தலைவர் அழக்கூடாது என்றும் ஒரு விதி இருந்தது.

பஸ் வந்து நின்று ஹாரன் அடித்தது. மூட்டையோடு நின்ற பசிலியாவைப் பார்த்து டிரைவர் கேட்டார்: "ஏறலையாக்கா?"

"தலைவர் ஓடிட்டாரு. நீங்க போங்க" என்றாள் பசிலியா.

மூன்று வாரம் கழித்து, பள்ளிக்கூட டீச்சர் எல்வீரா ஃபோனை எடுத்துக்கொண்டு வந்தாள். எர்னானும் ஹிமேனாவும் தங்கள் இணையப் பக்கத்தில் கட்டுரை எழுதியிருந்தார்கள். படத்தில் போன்ச்சோவோடு எர்னான். ஓரத்தில் செவேரோவும் பசிலியாவும், பாதி வெட்டுப்பட்டு.

டீச்சர் உரக்கப் படித்தாள்: "'இந்த நாட்டின் மூலை முடுக்கெல்லாம் சுற்றினோம். நாங்கள் சந்தித்த மிகப் பெரிய ஞானிகள் எங்கும் போகாதவர்கள். செவேரோவும் பசிலியாவும் இரண்டு வருடமாகத் தங்கள் ஊரைவிட்டு ஓர் இரவுகூட வெளியே தங்கியதில்லை. அவர்களுக்கு எங்கும் போக விருப்பமே இல்லை. வேர்விட்ட வாழ்வு என்றால் இதுதான்.' நாப்பதாயிரம் பேருக்குப் பிடிச்சிருக்கு தலைவரே."

"இப்ப எங்க இருக்காங்களாம்?" என்றாள் பசிலியா.

டீச்சர் விரலால் தள்ளிப் பார்த்தாள். கொஞ்சம் தயங்கினாள். "தாரிஹாவுல. ஒரு மாசம் இருப்பாங்களாம்."

பசிலியா ஊசியைக் கீழே வைத்தாள். "அந்தப் பக்கந்தான் போறோம்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா, தொப்பியையாவது குடுத்து விட்டிருப்பேனே."

செவேரோ போன்ச்சோவைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். "டீச்சர், அதுக்குக் கீழ எழுத எடம் இருக்கா? எழுதுங்க. 'மதிப்புக்குரிய ஹாச்சகாலா தலைவர் தம்பதிக்கு. எங்களுக்கு எங்கயும் போக விருப்பம் இல்லைன்னு நாங்க சொல்லல. பேத்தியப் பாக்கணும். முறை உங்களோடது. திரும்பி வாங்க. இப்படிக்கு, செவேரோ.'"

எழுதினாள். சாயங்காலத்துக்குள் அதற்கு ஆயிரத்து எண்ணூறு பேர் சிரிப்பு முகம் போட்டிருந்தார்கள். ஹிமேனா மட்டும் ஓர் இதயம் போட்டிருந்தாள்.