சபாபதிக்குக் கொடுத்த குரல்

"உங்களுக்குக் குரல் நல்லா இருக்கு" என்று யாராவது சொன்னால் ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டு நகர்ந்துவிட வேண்டும். நம்பிவிடக் கூடாது. நான் நம்பினேன். கல்யாணமாகி ஒரு வருஷம் முடிவதற்குள் பெண்டாட்டியைப் பறிகொடுக்கப் பார்த்தேன்.

எண்பதுகளின் நடுவில் ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையின் அலுவலகத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். ஆலையில் பொங்கல் விழா என்றால் மைக்கைப் பிடிப்பது நான்தான். ஒரு வருஷம் விழாவுக்கு வந்த விருந்தாளி, "ரேடியோவுக்குப் போக வேண்டிய ஆளு தம்பி நீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். (இங்கிருந்து போனால் போதும் என்ற அர்த்தத்தில் சொன்னாரோ என்று இப்போது சந்தேகம் வருகிறது. அப்போது வரவில்லை.)

சந்தேகத்தை எல்லாம் என் மாமனாரே மொத்தமாக வைத்திருந்தார். ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோர்ட்டில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். வேலைக்காலம் முழுக்கப் பொய்ச்சாட்சி கேட்டுக் கேட்டு, மனிதன் வாயைத் திறந்தாலே அதில் பாதியைத் தள்ளுபடி செய்துவிடுவார். பால்கோவாக் கடையில் ஒரு கிள்ளு வாங்கி வாயில் போட்டுக்கொண்டு, கடைக்காரரின் முகத்தையே பார்த்தபடி நிற்பார். ரேடியோவில் மணி சொன்னால் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்து, "ரேடியோக்காரன் ரெண்டு நிமிசம் பிந்துதான்" என்பார்.

அவர் முழுதாக நம்பியது ஒன்றைத்தான். அச்சடித்த புத்தகம். நாவல் என்றால் உயிர். ஆனால் ரேடியோ நாடகம் ஆகாது. அத்தை ஆசையாகக் கேட்டுக்கொண்டிருந்தால், "கதவு சாத்துத சத்தம் கேக்கு. சாத்துனது யாருன்னு உனக்குத் தெரியுமா? காதால கேட்டதெல்லாம் கேள்விச் சாட்சியம். செல்லாது" என்று சொல்லிவிட்டுப் போவார். அத்தை சத்தத்தைக் கொஞ்சம் கூட்டி வைப்பார்.

அப்படிப்பட்டவருக்குக் கண்ணில் புரை விழுந்தது. மதுரையில் ஆபரேஷன் ஆயிற்று. ஒரு கண்ணில் கட்டு, இன்னொரு கண் ஏற்கெனவே மங்கல். கண்ணாடி போடும்வரை ஒரு எழுத்துக்கூடப் படிக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மனிதர் அப்போது ஒரு நாவலில் சரியாகப் பாதியில் நின்றிருந்தார். தலைப்பைச் சொல்ல மாட்டேன். எழுதியவர் மேல் ஒரு குற்றமும் இல்லை. அத்தை அந்தப் புத்தகத்தை நூலகத்தில் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்ததும், மாமனார் சொத்தைப் பறிகொடுத்தவர்போல உட்கார்ந்திருந்தார்.

அப்போதுதான் என் தொண்டை என்னைச் சும்மா இருக்கவிடவில்லை. "மாமா, மிச்சப் பாதிய நான் கேசட்டுல படிச்சுக் கொண்டாறேன்" என்றேன். அவர் கண் கட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். பிறகு, "வேற வழியில்ல" என்றார். அதையே நான் பாராட்டாக எடுத்துக்கொண்டேன்.

ராஜபாளையத்தில் ஒரு வாடகை நூலகத்தில் அதே நாவலின் இன்னொரு பிரதி கிடைத்தது. கல்யாணச் சீராக வந்த டேப்ரிக்கார்டர் வீட்டில் இருந்தது; மாமனார் வீட்டிலும் ஒன்று உண்டு. வேலை முடிந்து வந்ததும் ஜன்னலைச் சாத்திக்கொண்டு நானும் என் மனைவி வடிவும் உட்காருவோம். சும்மா படிக்க எனக்கு மனம் வருமா? ஆளுக்கொரு குரல் வைத்தேன். நாவலில் ஒரு பெரியவர், மாந்தோப்புக்காரர். அவருக்கு நடுங்கும் குரல். வக்கீலுக்கு அடித்தொண்டை. தோட்டக்காரனுக்கு மூக்கு. பெண்கள் எல்லாம் வடிவு. கடைசியில் அந்தப் பெரியவரின் மருமகன் சபாபதி வந்தபோது என் கைவசம் குரல் தீர்ந்துபோயிருந்தது. சரி என்று என் சொந்தக் குரலையே அவனுக்குக் கொடுத்தேன். அவன் மனைவிக்கு வடிவின் சொந்தக் குரல்.

சபாபதி நாவலின் இரண்டாம் பாதியில் அயோக்கியனாக மாறுவான் என்பது எனக்குத் தெரியாது. (முன்னால் ஒருதரம் படித்துப் பார்த்திருக்கலாமே என்று நீங்கள் கேட்பது புரிகிறது. நடிகனுக்கு அதெல்லாம் தோன்றாது.)

முதல் கேசட்டுகளைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு அடுத்த வாரம் போனேன். பாராட்டை எதிர்பார்த்தேன். குறுக்கு விசாரணை நடந்தது.

"வக்கீல் பேசும்போது ஒரு இருமல் கேக்கு. இருமுனது வக்கீலா, நீங்களா?"

"நான்தான் மாமா."

"அப்ப அதக் கழிச்சிருதேன். பொறவு, பெரியவரு தோப்புல நிக்கும்போது ஒரு விசில் சத்தம். அந்தக் காலத்துல தோப்புக்குள்ள யாரு குக்கர் வச்சா?"

"அது நம்ம வீட்டுப் பருப்பு மாமா."

"செத்த நேரம் சத்தமே இல்லாமப் போகுதே. ரெண்டு பக்கத்தத் தள்ளிட்டியளோ?"

"தண்ணி குடிச்சேன்."

நம்பினாரா என்று தெரியவில்லை. "புத்தகம்னா பின்னால திருப்பிப் பாத்துக்கிடலாம். இதுல உங்களத்தான் நம்ப வேண்டியிருக்கு" என்றார். அதைச் சொன்னபோது அவர் முகம் எங்கள் ராஜபாளையம் நாய் அந்நியனைப் பார்ப்பதுபோல் இருந்தது.

கடைசி கேசட்டுகளையும் கொடுத்துப் புத்தகத்தையும் திருப்பிவிட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயந்தரம் நானும் வடிவும் வீட்டில் நிம்மதியாக இருந்தோம். வாசலில் வடிவின் தாய்மாமா சுப்பையா வந்து நின்றார். தளவாய்புரத்துக்காரர். பின்னால் இரண்டு உறவுக்காரர்கள். சிரிப்பு இல்லை. வடிவு காபி கொண்டுவந்தாள். டம்ளரைக் கையில் வாங்கி மோந்து பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினார்.

"நீங்க மொதல்ல குடிங்க தம்பி."

ஒன்றும் விளங்காமல் ஒரு வாய் குடித்தேன். நான் சாகவில்லை என்று உறுதியான பிறகும் அவர் அந்தக் காபியைத் தொடவில்லை. சட்டைப் பையிலிருந்து ஒரு கேசட்டை எடுத்து எங்கள் டேப்ரிக்கார்டரில் போட்டார்.

"அப்பாவுக்குத் தெரிஞ்சா விடுவாரா?" என்றது வடிவின் குரல்.

"கண்ணு தெரியாத மனுஷர். எதைப் படிச்சுப் பார்க்கப் போறார்? காட்டுற இடத்துல கையெழுத்துப் போடப் போறார். வீடும் தோப்பும் நம்ம கைக்கு வந்தப்புறம் அவர் எங்கே போனா நமக்கென்ன?" என்றது என் குரல். கொஞ்சம்கூட நடுக்கமில்லாத, ரேடியோவுக்குப் போக வேண்டிய குரல்.

அதற்குப் பிறகு வடிவின் சிரிப்பு. அடக்க முடியாமல் வருகிற சிரிப்பு.

நடந்தது இதுதான். கண் ஆபரேஷனை விசாரிக்க வந்த சுப்பையா மாமா, மாமனார் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது உள்ளே எங்கள் குரல் கேட்டிருக்கிறது. அத்தை கடைக்குப் போயிருந்தார். உள்ளே போய்ப் பார்த்தால் நாங்கள் இல்லை. மாமனார் சாய்வு நாற்காலியில் தூங்குகிறார். பக்கத்தில் டேப்ரிக்கார்டர் ஓடுகிறது. தன் அத்தான் கோர்ட்டு ஆள், எங்கள் பேச்சை மறைவாகப் பதிவு செய்து வைத்திருக்கிறார் என்று முடிவு கட்டி, சாட்சியம் கலைந்துவிடாமல் இருக்கக் கேசட்டைக் கையோடு எடுத்து வந்துவிட்டார். மாமனார் தன் கீழ வீட்டை வடிவு பேருக்கு எழுதிவைக்கப் போவதாக அப்போது பேச்சு வேறு இருந்தது.

"இது நாவல்" என்றேன்.

"புத்தகத்தக் காட்டுங்க."

"நேத்துத்தான் திருப்பிக் கொடுத்தேன்."

சுப்பையா மாமா மற்ற இருவரையும் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வைக்கு அர்த்தம் சொல்ல வேண்டியதில்லை.

"மாமாவுக்கே தெரியும். வாங்க, போய்க் கேட்போம்" என்று நான்தான் எல்லோரையும் பஸ் ஏற்றினேன். போகிற வழியெல்லாம் எனக்குத் தைரியமாகவே இருந்தது. மாமனார் சிரித்துவிட்டு, "கதைய்யா இது" என்று சொல்லிவிடுவார், சுப்பையா மாமா அசடு வழிவார் என்று மனசுக்குள் ஓட்டிப் பார்த்துக்கொண்டே போனேன்.

மாமனார் சிரிக்கவில்லை. கேசட்டை இன்னொருதரம் போடச் சொல்லிக் கேட்டார்.

"கதைன்னு சொல்லித்தான் குடுத்தாரு. நான் மிச்சப் புத்தகத்தப் பாக்கலையே. பாக்காதத நான் எப்படிச் சாட்சி சொல்லுவேன்?"

"மாமா, இது சபாபதி பேசுறது."

"குரல் யாருது?"

"என்னுது."

"தோட்டக்காரனுக்கெல்லாம் தனிக் குரல் வச்சியளே, சபாபதிக்கு ஏன் வைக்கல?"

"மிச்சமில்ல மாமா."

அவர் தலையை மெதுவாக ஆட்டினார். "நான் கண்ணால படிச்ச பாதியில சபாபதி தங்கமான பையன். உங்க குரல் வந்த பொறவுதான் கெட்டுப்போறான்."

வடிவு அழ ஆரம்பித்தாள். "அப்பா, சத்தியமா அந்த எடத்துல அந்தப் பொண்ணு அழுததான்ப்பா இருக்கு கதையில."

"ஏட்டி, கேசட்டுல நீ அழலையே. சிரிச்சிருக்க."

புத்தகம் வருகிறவரை வடிவு இங்கே இருக்கட்டும் என்று தீர்ப்பாயிற்று. நான் தனியாக ராஜபாளையம் திரும்பினேன். வீட்டில் சுப்பையா மாமா குடிக்காமல் விட்ட காபி அப்படியே ஆடை கட்டிக் கிடந்தது. அதைப் பார்த்ததும் எனக்கும் அழுகை வந்தது. (அழும்போதும் என் குரல் நன்றாகத்தான் இருந்தது.)

அத்தை திருப்பிக் கொடுத்த பிரதியும் அதற்குள் யாரிடமோ போயிருந்தது. மறுநாள் ஆலைக்கு லீவு சொல்லிவிட்டு வாடகை நூலகத்துக்கு ஓடினேன். புத்தகம் ஒரு டீச்சர் வீட்டுக்குப் போயிருந்தது. அங்கே ஓடினேன். வாழ்வா சாவா என்று சொன்னேன். டீச்சர் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார்.

"கடைசி அத்தியாயத்துல இருக்கேன். முடிச்சிட்டுத் தாரேன். உக்காருங்க."

உட்கார்ந்தேன். அவர் ஒரு வார்த்தையையும் விடாமல் படித்தார். நடுவில் ஒருதரம் தலை நிமிர்ந்து, "இந்தச் சபாபதி எப்பேர்ப்பட்ட அயோக்கியன் பாத்தியளா?" என்றார். பார்த்தேன் என்றேன்.

சாயந்தரம் மாமனார் வீட்டில் எல்லோரும் கூடியிருந்தார்கள். நான் படித்தால் செல்லாது என்பதால் அத்தை வாங்கிப் படித்தார். பலசரக்குச் சிட்டை வாசிக்கிற அதே குரலில் அந்தப் பக்கத்தைப் படித்தார். "கண்ணு தெரியாத மனுஷர்" முதல் "நமக்கென்ன" வரை ஒரு எழுத்து மாறாமல் இருந்தது. அத்தையின் வாயில் அந்தச் சதி, புளியும் மிளகாயும் வாங்குவதுபோலச் சாதுவாக இருந்தது. சுப்பையா மாமா புத்தகத்தை வாங்கி, விரலை வைத்துத் தானும் ஒருதரம் படித்துப் பார்த்தார். எனக்கு மூச்சு வந்தது.

மாமனார் விடவில்லை. "வாசகம் இருக்கு. சரி. சிரிப்பு எங்க?"

சுப்பையா மாமா அந்தப் பக்கத்தைத் தேடினார். அடுத்த பக்கத்தையும் தேடினார். "சிரிப்பு இல்ல அத்தான். 'அவள் கண்களில் நீர் தளும்பியது'ன்னு போட்டிருக்கு."

வடிவு என்னைப் பார்த்தாள். சொல்லாதே என்று கண்ணால் கெஞ்சினேன். அவள் சொல்லிவிட்டாள்.

"அவுக சும்மா படிக்க மாட்டாகப்பா. கெட்டவன்னா கெட்டவன் மாதிரி நிக்கணுமாம். தோள்ல துண்டப் போட்டு, காலத் தூக்கி ஸ்டூல் மேல வச்சு, இல்லாத மீசைய முறுக்குவாக. அன்னைக்கு முறுக்கும்போது ஸ்டூல் சாஞ்சிருச்சு. விழாமத் தாவிக்கிட்டே வசனத்த விடாமச் சொன்னாக. நான் சிரிக்காம என்ன செய்ய?"

"செஞ்சு காட்டச் சொல்லு" என்றார் மாமனார்.

"மாமா, உங்களுக்குத்தான் கண்ணு தெரியாதே."

"எனக்குக் காது தெரியும். நீங்க செய்யிங்க."

ஸ்டூல் வந்தது. துண்டு வந்தது. ஜன்னலில் பக்கத்து வீட்டுத் தலைகள் வந்தன. நான் காலைத் தூக்கி வைத்து, மழுமழுவென்று இருந்த மேலுதட்டுக்கு மேலே காற்றை முறுக்கிக்கொண்டு, "கண்ணு தெரியாத மனுஷர்" என்று ஆரம்பித்தேன். கண் தெரியாத மனுஷர் எதிரிலேயே உட்கார்ந்து காதைத் திருப்பிக் கேட்டுக்கொண்டிருந்தார். என் கால் நடுங்கியதில் ஸ்டூல் தானாகவே சாய்ந்தது. "வீடும் தோப்பும் நம்ம கைக்கு" என்று சொல்லிக்கொண்டே தாவி, சுப்பையா மாமாவின் தோளைப் பிடித்துக்கொண்டு "நமக்கென்ன" என்று முடித்தேன்.

வடிவு சிரித்தாள். அத்தை முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தார். சுப்பையா மாமா என்னைத் தாங்கியபடியே குலுங்கினார். ஜன்னல் மொத்தமும் சிரித்தது. மாமனார் மட்டும் கையை உயர்த்தி எல்லோரையும் அடக்கிவிட்டு, முந்திய நாள் கேட்ட அந்தக் கேசட்டில் இருந்த சிரிப்பை ஒருதரம் போடச் சொல்லிக் கேட்டார்.

"ஒத்துப்போகுது" என்றார்.

வடிவு அன்றே என்னோடு வந்தாள். கண்ணாடி போட்டதும் மாமனார் செய்த முதல் வேலை, அந்த நாவலை வாங்கி முதல் பக்கத்திலிருந்து படித்து முடித்ததுதான். எங்கும் நான் பக்கம் தள்ளவில்லை என்று ஒப்புக்கொண்டார். கீழ வீட்டையும் வடிவு பேருக்கு எழுதிவைத்தார். ஆனால் ஒரு தடவை என்னைத் தனியாகக் கூப்பிட்டு, வருத்தமாகவே சொன்னார்:

"மாப்ள, பெரிய கெடுதல் பண்ணிட்டிய. இப்ப எந்தப் புத்தகத்த எடுத்தாலும், கெட்டவன் வாயத் தொறந்தா உங்க குரல்லயே பேசுதான். நல்லவனுக்கு இன்னும் குரல் கெடைக்கல."

தொண்ணூறுகளிலும் அவர் நிறையப் படித்தார். எத்தனை கொலை, எத்தனை களவு, எத்தனை குடிகெடுப்பு அவர் மண்டைக்குள் என் குரலில் நடந்ததோ தெரியாது. நான் போகும்போது புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, சில சமயம் என்னை ஒரு மாதிரியாகப் பார்ப்பார். அன்றைக்கு என்ன கதை என்று நான் கேட்டதில்லை.

உறவுக்குள் என் பெயரும் போய்விட்டது. எல்லோருக்கும் நான் சபாபதிதான். சில வருஷம் முன்னால் தளவாய்புரத்தில் சுப்பையா மாமா வீட்டுப் பேரன் கல்யாணத்துக்குப் போயிருந்தோம். மொய் எழுதுகிற இடத்தில் பெயர் கேட்டார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் வடிவு, "சபாபதின்னு எழுதிக்கோங்க" என்றாள். எழுதிக்கொண்டார்கள்.

எந்த ஊர் என்று கேட்டார்கள். அதை மட்டும் என்னைச் சொல்ல விட்டாள்.