பூவுக்குக் கட்டுப் போட்டவர்

இராஜபாளையத்தில் மனிதரைவிடப் பூவுக்கு அதிகமாகக் கட்டுப் போட்டவர் யாரென்று கேட்டால், எங்கள் தெருக்காரர்கள் பல்லைக் கடித்துக்கொண்டு ‘பேண்டேஜ் அண்ணாச்சி’ என்பார்கள். எண்பதுகளில் பேண்டேஜ் கம்பெனியில் துணி மடிக்கிற வேலை அவருக்கு. கழிவுத் துணியைக் கொண்டுவந்து கொல்லையில் பீர்க்கங்கொடியின் மொட்டுகளுக்குச் சுற்றுவார். சைக்கிளிலிருந்து விழுந்து முழங்காலில் ரத்தம் ஒழுகப் போய் நின்ற என்னிடம், "இது பூவுக்கு வச்சிருக்கேன்லே, நீ ஆஸ்பத்திரிக்குப் போ" என்றார். வயிறு எரியுமா எரியாதா?

எல்லாம் பேய்ப்பீர்க்கால் வந்தது. வேலியில் தானாக முளைத்து, நாக்கில் வைக்க முடியாமல் கசக்கும் காட்டுக்கொடி அது. கண்டால் பிடுங்குவார், யார் வேலி என்று பார்க்க மாட்டார். ஞாயிறு ஆராதனை நேரத்தில் சர்ச் காம்பவுண்டுக்குள் புகுந்து பிடுங்கி, உபதேசியாரிடம் ஏச்சு வாங்கியவர். தெருவில் பாதிப்பேர் அவரோடு பேசுவதில்லை. ஆனாலும் பேசுகிறவர், பேசாதவர் எல்லார் வீட்டுக்கும் வருஷாவருஷம் பீர்க்கு விதை அவர்தான் கொடுப்பார். அண்ணாச்சி விதை கசக்காது என்பதுதான் அவருக்கிருந்த ஒரே நல்ல பெயர்.

ஒருநாள் என் வாசலுக்கும் வந்தார்.

"ஏலே, ஒன் வேலியில பேய்ப்பீர்க்கு பூத்துக் கெடக்கு. நீ புடுங்குதியா, நான் புடுங்கவா?"

"அது ஒங்கள என்ன பண்ணுச்சு அண்ணாச்சி?"

"பூச்சி அதுல ஒக்காந்து மகரந்தத்த ஒட்டிக்கிட்டு நேரா எங்கொடிக்கு வரும். இந்த வருசக் காயில ஒண்ணும் தெரியாது. வெதையில ஏறிரும். அடுத்த வருசம் அம்புட்டும் கசக்கும்."

என் வேலிக்கு இவர் என்ன நாட்டாமை? வீம்புக்கென்றே கொடியை விட்டுவைத்தேன்.

அந்த வாரமே அண்ணாச்சியின் மகளுக்குப் பிரசவ வலி என்று ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ஆள் வந்தது. வேறு கதியில்லாமல் துணியும் கையுமாக என்னிடமே வந்து நின்றார்.

"மத்ததெல்லாம் மழையில அழுகிருச்சு. வெதைக்கு இந்த நாலு மொட்டுத்தான். அந்திக்குத்தான் விரியும், அதுக்கு முன்னாடி கட்டிரு. விரிஞ்சதும் நம்ம ஆண்பூவத் தேச்சுட்டு மறுபடி கட்டு."

தலையாட்டிவிட்டு நான் சினிமாவுக்குப் போய்விட்டேன். மறுநாள் காலையில், விரிந்து கிடந்த நான்கு பூக்களுக்கும் அழகாகக் கட்டுப் போட்டேன். யாருக்குத் தெரியப்போகிறது?

அடுத்த வருஷம் தெரு முழுக்கத் தெரிந்தது. பெண்கள் பீர்க்கங்காய்க் கூட்டுச் சட்டியோடு அவர் வாசலில் கூடிவிட்டார்கள்.

"ஊரான் வேலியெல்லாம் புடுங்குனீயளே, இத ஒரு கரண்டி தின்னு பாருங்க அண்ணாச்சி."

தின்றார். துப்பவில்லை. "எங்கைத் தப்புதான். கட்டு சரியாப் போடல" என்றார்.

கூட்டத்தில் நானும் நின்றுகொண்டிருந்தேன். மூன்றாம் நாள் போய் எல்லாவற்றையும் சொன்னேன்.

"தெரியும்லே. ஊர்லருந்து வந்து கட்டப் பிரிச்சா, உள்ள பூச்சி செத்துக் கெடந்துச்சு. ஒண்ணு ரெண்டு பூவாவது தப்பிச்சிருக்கும்னு நெனச்சேன்."

"பொறவு ஏன் அண்ணாச்சி என்னையக் காட்டிக்கொடுக்கல?"

"ஒங்கூடயும் எவனும் பேசமாட்டான். எனக்குப் பழகிருச்சு, நீ தாங்க மாட்டே."

அண்ணாச்சி போய்ச் சேர்ந்து வெகுகாலமாகிறது. யார் வேலியில் பேய்ப்பீர்க்கு பூத்திருந்தாலும் நான் பிடுங்கிவிட்டுத்தான் மேலே நடக்கிறேன். வீட்டுக்காரர்கள் ஏசுகிறார்கள். எனக்கும் பழகிவிட்டது.