சீமெண்ணெய் டிப்போவுக்கு வந்த தீச்சட்டி

மாமியாரோடு மனஸ்தாபம் இல்லாத மருமகனைக் காட்டுங்கள், நான் கும்பிடுகிறேன். ஆனால் மாமியார் மேல் மூன்று வாளி மணலைக் கொட்டிய மருமகன், எனக்குத் தெரிந்து, கம்பத்திலிருந்து பெரியகுளம் வரை நான் ஒருவன்தான்.

யுத்தத்துக்கு முந்திய காலம். போடிக்கு ரயில் வந்த கொஞ்ச வருஷத்தில் தேனி ஸ்டேஷனை ஒட்டி ஒரு சீமெண்ணெய் டிப்போ வைத்தார்கள். எண்ணெய் ரயில் டாங்கியில் வரும். தண்டவாளத்திலிருந்து டிப்போவின் பெரிய தொட்டி வரை ஓர் இரும்புக் குழாய். வால்வைத் திறந்து எண்ணெயை இறக்குவதும், டின்னில் அடைத்து வண்டியேற்றுவதும் என் பொறுப்பு. ஆறு மாதம் தற்காலிகம். மதுரையிலிருந்து இன்ஸ்பெக்டர் வந்து பார்த்துத் திருப்திப்பட்டால்தான் வேலை நிரந்தரம். இல்லாவிட்டால் வடுகபட்டியில் மாமனாரின் பூண்டுக் கடையில் மூட்டை தைக்க வேண்டியதுதான். (கல்யாணமான புதிதில் அதைவிடக் கேவலம் வேறு உண்டா?)

அதனால் பாதுகாப்பு விஷயத்தில் நான் பேயாக அலைந்தேன். கேட்டில் பலகை மாட்டினேன்: பீடி, தீப்பெட்டி, லாந்தர் உள்ளே கொண்டுவரக் கூடாது. வாட்ச்மேன் சங்கிலி, வருகிறவர் மடியையெல்லாம் அவிழ்த்துப் பார்ப்பார். லாடம் கல்லில் உரசிப் பொறி பறக்கும் என்று வண்டிமாடுகளின் குளம்புக்குச் சாக்குத்துணி கட்டச் சொன்னேன். ‘மாட்டுக்குச் செருப்புப் போட்ட கிளார்க்கு’ என்று பஜாரே சிரித்தது. எனக்கோ ஏகப் பெருமை.

இன்ஸ்பெக்டர் வந்தது சித்திரை மாதம், வீரபாண்டித் திருவிழாவின்போது. மாமியார் இரண்டு நாள் முன்பே வந்து எங்கள் வீட்டில் தங்கியிருந்தார். மருமகன் வேலை நிலைக்க வேண்டும் என்று கௌமாரி ஆத்தாளுக்குத் தீச்சட்டி நேர்ந்திருந்தார். இது எனக்குத் தெரியும். சட்டியை ஏந்தி முதலில் டிப்போவைச் சுற்றிவிட்டுத்தான் வீரபாண்டிக்கு நடப்பதாக நேர்ந்திருந்தது தெரியாது. (மனைவி சொன்னாளாம். நான் மாட்டுச் செருப்பைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேனாம்.)

அன்று காலை வால்வு திறந்து, குழாயில் எண்ணெய் ஓடிக்கொண்டிருந்தது. இன்ஸ்பெக்டர் குனிந்து ஒவ்வொரு இணைப்பாகத் தடவிப் பார்த்தார். ஒரு சொட்டுக் கசிவு இல்லை. “பரவாயில்லையே” என்றார். அப்போதுதான் உறுமிச் சத்தம் கேட்டது.

திரும்பினேன். மஞ்சள் சேலை, வேப்பிலை, கையில் முழ உயரத்துக்கு எரியும் சட்டி. மாமியார் அருள் வந்து ஆடியபடி கேட்டுக்குள் நுழைகிறார். மடியவிழ்த்துப் பார்க்க வேண்டிய சங்கிலி, கேட்டின் இரண்டு கதவையும் அகலத் திறந்துவிட்டு, கன்னத்தில் போட்டுக்கொண்டு நிற்கிறார்.

“யோவ், நெருப்ப ஏன்யா உள்ள விட்ட?” என்று கத்தினேன்.

“பீடி, தீப்பெட்டி, லாந்தருன்னுதானய்யா எழுதியிருக்கு. இது ஆத்தாளாச்சே.”

இன்ஸ்பெக்டரைத் தேடினேன். தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம், தொப்பி மட்டும் தெரிந்தது. எனக்கும் ஓடத்தான் ஆசை. ஆனால் பூண்டு மூட்டை கண்முன் வந்தது. பாய்ந்து வால்வை மூடினேன். தீயணைக்க வைத்திருந்த மூன்று சிவப்பு வாளிகளில் ஒன்றைத் தூக்கி மணலைச் சட்டியில் கொட்டினேன். நெருப்பு அந்த ஒரு வாளியிலேயே அணைந்துவிட்டது. மற்ற இரண்டும் உத்தியோக ஆர்வம்.

உறுமி நின்றது. தலையிலும் இமையிலும் மணலோடு மாமியார் அசையாமல் நின்றார். பிறகு சட்டிக்குத் துணையாகக் கூட வந்திருந்த என் மனைவியிடம் நிதானமாகக் கேட்டார்.

“ஏண்டி, அவுக ஆத்தாளயா அமத்துனாக?”

அவள் அழுதாள். எனக்கும் அழுகை வந்தது.

மெல்லத் தண்டவாளம் தாண்டி வந்த இன்ஸ்பெக்டர், “யாருய்யா அந்தம்மா?” என்றார்.

“என் மாமியார், சார்.”

என்னை மேலும் கீழும் பார்த்தார். “பெத்த தாயா இருந்தாலும் கொட்டியிருப்பீரா?”

“தெரியல, சார்.”

நோட்டில் ஏதோ எழுதிக்கொண்டு போனார். வேலை போயிற்று என்று மூன்று நாள் சாப்பிடவில்லை. நான்காம் நாள் நிரந்தர உத்தரவு வந்தது. நெருப்பு என்றால் சொந்தபந்தம் பார்க்காதவன் என்று அதில் பாராட்டு வேறு.

உத்தரவோடு, மனைவியையும் கூட்டிக்கொண்டு வடுகபட்டிக்கு ஓடினேன். மாமியார் கதவுக்குப் பின்னாலிருந்து என் மனைவியிடம் பேசினார். “ஆத்தா வேலையக் குடுத்துட்டாள்ல? நேத்திக்கடன் பாக்கி நிக்கிது. அமத்துனவுகளே எடுக்கட்டும்னு சொல்லு.”

மறு சித்திரையில் எடுத்தேன். சீமெண்ணெய் டிப்போ கிளார்க், கையில் தீச்சட்டியோடு, டிப்போ இருக்கும் தெருவை விட்டுச் சுற்றுவழியாக வீரபாண்டிக்கு நடந்தேன். உள்ளங்கை கொப்புளம் ஆற ஒரு மாதம் ஆயிற்று. மாமியார் மனம் ஆறவில்லை. அதற்குப் பிறகு அவர் என்னிடம் நேராகப் பேசியதே இல்லை.

என் மூத்த மகள் கல்யாணத்தில் ஐயர் ஓமம் வளர்க்கக் கற்பூரத்தை எடுத்தார். நான் பக்கத்தில் நல்ல பிள்ளையாக உட்கார்ந்திருந்தேன். கூட்டத்துக்குள்ளிருந்து மாமியார் குரல் வந்தது.

“சாமி, செத்த பொறுங்க. அவுகளத் தள்ளி உக்காரச் சொல்லிட்டுப் பத்தவைங்க. அவுக வேல நெலச்சிருச்சு. எம் பேத்திக்கு இன்னும் தாலி ஏறல.”