விருப்பப் பாரத்து வாத்தியார்

உங்கள் விருப்பத்தைக் கேட்காமலே காரியத்தை முடிப்பவர்கள் ஒரு ரகம். அவர்களால் பெரிய ஆபத்தில்லை. விருப்பத்தைக் கேட்டு, எழுதி வாங்கி, கையெழுத்தும் வாங்கிக்கொண்டு, தாம் முன்பே முடிவு செய்ததை உங்கள் தலையில் கட்டுகிறவர்கள் இன்னொரு ரகம். இவர்களைப் பார்க்க ரொம்பத் தூரம் போக வேண்டாம். இடைநிலைப்பள்ளியில் கால அட்டவணை போடுகிறவரின் மேசைக்கு எதிரே போய் நின்றால் போதும்.

நான் கண்டவர் கணேசமூர்த்தி சார். தமிழும் அவர்தான் சொல்லிக்கொடுப்பார், அட்டவணையும் அவர்தான் போடுவார். அதுவரை அட்டையில் வண்ணச் சீட்டு ஒட்டிக்கொண்டிருந்தவர், தொண்ணூற்று மூன்றில் பள்ளிக்குக் கணினி வந்ததும் அதற்குக் குங்குமம் வைத்து, செருப்பைக் கழற்றிவிட்டு அறைக்குள் நுழைந்து, முதல் வேலையாக எதைப் பதிந்தார் என்கிறீர்கள்? தம்முடைய விருப்பத்தை. ரேஹாட், அதாவது இடைவேளை, முடிந்ததும் அவருக்கு ஒரு பாடவேளை ஓய்வு வேண்டும், கேண்டீனில் நுரை பொங்க ஆற்றிய தே தாரேக் குடிக்க. பிறகு தலைமையாசிரியரின் விருப்பம். பிறகு மற்ற ஆசிரியர்களின் விருப்பம். மிச்சமிருந்த பொந்துகளில்தான் மாணவர்களுக்கு இடம். தமிழுக்கு? பகல் இரண்டரை மணி.

பெடாஸ் பக்கத்து ரப்பர்த் தோட்டத்துக்குப் பள்ளி வாசலிலிருந்து பஸ் ஒன்றே முக்காலுக்கு. அதை விட்டால் ஆறரைக்கு. அந்தத் தோட்டத்திலிருந்து வந்து நான்காம் படிவத்தில் படிக்கும் நீலாவதிக்கு அடுத்த வருஷம் எஸ்.பி.எம். அரசுத் தேர்வில் தமிழ் எடுக்க ஆசை. ரப்பர்க்காட்டுப் பாதையில் இருட்டிய பிறகு நடந்து வரக்கூடாது என்பது அவள் அம்மாவின் கண்டிப்பு. ‘தமிழ், ஒன்றே முக்காலுக்கு முன்’ என்று அவளும் மற்றத் தோட்டத்துப் பிள்ளைகளும் விருப்பப் பாரத்தில் எழுதிக்கொடுத்திருந்தார்கள்.

கணினிக்கு முகதாட்சணியம் தெரியாது. ‘நிறைவேறாத விருப்பங்கள்: பதினேழு’ என்று அச்சடித்துத் தள்ளிவிட்டது. ஆசிரியர் கூட்டத்துக்கு முன் அது குறைய வேண்டும் என்றார் தலைமையாசிரியர். நீங்களோ நானோ என்றால் அட்டவணையை மாற்றியிருப்போம். சார் ஆராய்ந்தார். மூன்று நாள் ஆராய்ந்து, அட்டவணையில் குறையில்லை, குறையெல்லாம் விருப்பங்களில்தான் என்று கண்டுபிடித்தார். பதினேழு பேருக்கும் புதுப் பாரம்! நீலாவதியிடமும் ஒன்றை நீட்டினார்.

“வேற பாடம் எழுதும்மா. ஓவியம் இருக்கே?”

“எனக்குத் தமிழ்தான் வேணும் சார். புதன்கிழம ரேஹாட் முடிஞ்சு ஓவியம் நடக்கறப்ப நாங்க சும்மாதான்லா ஒக்காந்திருக்கோம். ஒங்களுக்கும் அப்ப கிளாஸ் இல்ல. அப்ப வைக்கலாமே?”

சார் முகம் கறுத்தது. “கம்ப்யூட்டர் ஒத்துக்காதும்மா, நான் என்னா செய்யிறது? ஒண்ணு செய். ஒண்ணும் எழுதாத. கையெழுத்து மட்டும் போடு.”

விருப்பமே எழுதாதவளுக்கு நிறைவேறாத விருப்பம் ஏது? மணி ஒன்று நாற்பது. வாசலில் வந்து நின்ற பஸ்ஸைப் பார்த்துக்கொண்டே நீலாவதி கையெழுத்துப் போட்டாள். மற்றவர்களும் போட்டார்கள். கணினி ‘பூஜ்யம்’ என்றது. பிள்ளைகள் போதவில்லை என்று தமிழ் வகுப்பும் நின்றது. சாருக்கு இன்னும் கொஞ்சம் ஓய்வு.

அடுத்த மாதம் மொழி விழாவில், இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குத் தமிழ்மேல் பற்றே இல்லை என்று அரை மணி நேரம் கண்கலங்கிப் பேசினார். கண்ணீர் என்னவோ நிஜம்தான். முன் வரிசையில் நீலாவதியும் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். உங்கள் மகளுக்கும் பள்ளியிலிருந்து ஒரு விருப்பப் பாரம் வந்ததே, “ஒனக்குப் பிடிச்சத எடும்மா” என்று பெருந்தன்மையாகச் சொன்னீர்களே, அதை எடுத்து ஒருமுறை பாருங்கள். ‘அறிவியல்’ என்று எழுதியிருப்பது யார் கையெழுத்து?