சோளகம் மத்தேயுவின் பதினொரு எண்ணிக்கை

வெயிலில் காயவைத்த நான்கு பற்றறிகளும் இரண்டு நிமிடம்தான் உயிரோடு இருந்தன. கசெற்றுக்குள் கைதட்டல் கேட்டது. யாரோ ஒருவர் மைக்கில் "ஹலோ, ஹலோ" என்றார். கிற்றார் ஒன்று முழங்கத் தொடங்கியது. பிறகு அந்தக் கிற்றார் கொஞ்சம் கொஞ்சமாக எருமையின் குரலுக்கு இறங்கி, நின்றுவிட்டது.

"செத்துப்போச்சு," என்றார் றேடியோ திருத்தும் யோகலிங்கம்.

"பற்றறிதானே செத்தது. நான் சாகேல்லையே," என்றார் மத்தேயு.

"நீங்கள் அவசரப்படாதேங்கோ அண்ணை. கடைசிப் பாட்டு வரட்டும்," என்று சொல்லிவிட்டுத் தயாபரன் கதிரையில் வசதியாகச் சாய்ந்துகொண்டார்.

வன்னிக்குள் பற்றறி கொண்டுவரத் தடை இருந்த 1998ஆம் ஆண்டு அது. பழைய பற்றறியை வெயிலில் வைத்தால் உள்ளே இருக்கும் மருந்து சூடேறி, அடியில் ஒட்டிக்கிடக்கும் மின்சாரத்தையும் தந்துவிட்டுப் போகும் என்பது முள்ளியவளையில் எல்லோருக்கும் தெரியும். ஒட்டிக்கிடந்ததும் இப்போது போய்விட்டது. அந்தக் கசெற்றுக்குள்ளேதான் மத்தேயுவின் மானம் இருந்தது.

"சோளகம் ஐவர்" என்பது தென்காற்றின் பெயரை வைத்துக்கொண்டு எழுபதுகளில் மின்சாரக் கிற்றார்களோடு ஊரூராகப் போய் மேடைகளை அதிரவைத்த குழு. முல்லைத்தீவுக் கடற்கரைக்கு அவர்கள் ஒரேயொரு தடவை, 1974இல், கோயில் பெருநாளுக்கு வந்தார்கள். மீன்பிடி வள்ளங்களுக்கு இஞ்சின் திருத்துகிற மத்தேயு அன்று முன்வரிசையில், மணலில் இருந்தார். அதன்பிறகு இருபத்துநான்கு வருடங்களாக எந்தக் கலியாண வீட்டுக்குப் போனாலும் அவருக்கு ஒரு கதிரை போட்டு, "சோளகம் மத்தேயு, அந்தக் கதையைச் சொல்லுங்கோ" என்பார்கள். கரையிலிருந்து இடம்பெயர்ந்து முள்ளியவளைக்கு வந்தபோது வள்ளம் வரவில்லை, இஞ்சின் வரவில்லை. பெயர் வந்தது.

கதை இதுதான். "கடைசிப் பாட்டு. செல்லையா ட்ரம்மில மூண்டு அடி அடிக்கிறான். டும், டும், டும். அவ்வளவுதான். அஞ்சு பேரும் கையை எடுத்துப்போட்டுச் சிலை மாதிரி நிக்கிறாங்கள். சனம் மூச்சு விடேல்லை. ஒண்டு, ரண்டு, மூண்டு..." மத்தேயு விரலை ஒவ்வொன்றாக மடக்குவார். பத்து விரலும் முடிந்ததும் பதினொன்றுக்கு மூக்கைத் தொடுவார். "அப்பதான் திருப்பித் தொடங்கினவங்கள். கடலே திடுக்கிட்டது."

அந்தக் கதையைப் பெண் பார்க்கப் போன அன்று நாயாற்றில் கிறேஸின் வீட்டிலும் சொன்னார். அதைக் கேட்ட பிறகுதான் கிறேஸ் ஓம் சொன்னதாக அவருடைய நம்பிக்கை.

முத்தையன்கட்டில் வயல் செய்யும் தயாபரனும் அந்தக் கச்சேரிக்கு உழவு ரக்ரரில் ஏறிப் போனவர். போன கிழமை ஒரு கலியாண வீட்டில் அவர் எழுந்து, "மூண்டு அடி மெய். அதுக்குப் பிறகு பாட்டு நிக்கேல்லை, நேராப் போச்சு. அண்ணை நித்திரையாப் போயிருப்பார்," என்று சொல்லிவிட்டார்.

"சோளகம் வாசிக்கேக்க நித்திரை கொள்ளுறவன் மனிசனோ?" என்று மத்தேயு கேட்டார்.

"அப்ப கசெற் சொல்லட்டும்."

கசெற் இருந்தது. அந்த இரவு கதிர்காமநாதன் என்ற பள்ளிக்கூடக் கிளாக்கர் தன்னுடைய புது ரேப் றெக்கோடரை மேடைக்காலடியில் வைத்துப் பதிவு செய்திருந்தார். அவருடைய றங்குப்பெட்டிக்குள் கிடந்ததைத் தயாபரன் தேடி எடுத்துவிட்டார். மௌனம் அதில் இருந்தால், தயாபரன் அடுத்த ஞாயிறு பூசை முடிந்து வரும் சனத்துக்கு முன்னால் நின்று மன்னிப்புக் கேட்பார். இல்லையென்றால், மத்தேயு அதே இடத்தில் நின்று தான் சொன்னதெல்லாம் புளுகு என்று சொல்ல வேண்டும். சோளகம் என்ற பெயரும் அன்றோடு போய்விடும்.

இப்போது, ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு, மத்தேயுவின் வீட்டு மேசையில் ரேப் இருந்தது. கரண்ட் இல்லை.

"கிறேஸின்ர சைக்கிள் நிக்குது. டைனமோவில போடுவம்," என்றார் மத்தேயு.

டைனமோ சுலபமான பொருள். சைக்கிள் ரயரில் உரசிச் சுற்றும் சிறு போத்தல் மாதிரியான ஒன்று. உள்ளே ஒரு காந்தம் சுற்ற, மின்சாரம் வரும். ஆனால் அந்த மின்சாரம் ஊஞ்சல் மாதிரி முன்னும் பின்னும் ஓடும். ரேப்புக்கு ஒரே பக்கம் ஓடும் மின்சாரம் வேண்டும். யோகலிங்கம் ஒரு செத்த றேடியோவிலிருந்து நான்கு டயோட்டுகளைக் கழற்றிப் பூட்டினார். டயோட் என்பது மின்சாரத்துக்கான ஒருவழிக் கதவு. ரேப்பில் எரியும் சிவப்புப் பல்ப் வீணாகக் கரண்ட் தின்னும் என்று அதையும் பிடுங்கி எறிந்தார். கசெற் மூடி நிற்காமல் திறந்து திறந்து எழும்பியது. மத்தேயு அதன் மேல் பாரத்துக்குச் செபப்புத்தகத்தை வைத்தார்.

"அந்தோனியார் பாத்துக்கொள்ளுவார்," என்றார்.

"அவருக்குப் பக்கம் பிடிக்கத் தெரியாதெண்டால் சரி," என்றார் தயாபரன்.

சைக்கிளை முற்றத்தில் ஸ்ராண்டில் ஏற்றி, பின்சில்லு நிலத்தில் படாமல் நிறுத்தினார்கள். பக்கத்து வளவு மூக்கன் ஏறி மிதித்தார். மூக்கன் மரம் அரியும் ஆள். அவருக்கு எதையும் மெதுவாகச் செய்து பழக்கமில்லை. சோளகம் ஐவரின் பாடகர் டெறிக் கீச்சுக் குரலில், ஐந்து வயதுப் பிள்ளையைப் போலப் பாடினார்.

"டெறிக்கின்ர பேத்தி பாடுறாளோ?" என்று கேட்டார் தயாபரன்.

ரேப்பின் மோட்டாருக்குள் வேகத்தை ஒரே அளவில் பிடித்துவைக்கும் பகுதி எப்போதோ பழுதாகியிருந்தது. அதனால் காலின் வேகம்தான் பாட்டின் வேகம். இதை மத்தேயு விளங்கப்படுத்தி முடிப்பதற்குள் மூக்கன் இரண்டு பாட்டுகளை ஒரு நிமிடத்தில் முடித்துவிட்டார்.

யோகலிங்கம் ஏறினார். அவர் கவனமான மனிதர். கவனமாக, மெதுவாக மிதித்தார். இப்போது டெறிக் கிணற்றுக்குள் விழுந்த கரடி. அதைவிடப் பெரிய ஆபத்தும் வந்தது. மின்சாரம் குறைந்தால் நாடாவை இழுத்துச் சுற்றும் பக்கத்துக்குப் பலம் போய்விடும்; தள்ளும் றப்பர் உருளையோ தள்ளிக்கொண்டே இருக்கும். தள்ளிய நாடா போக இடமில்லாமல் உள்ளேயே சிக்கும். செபப்புத்தகத்தைத் தூக்கிப் பார்த்தபோது உள்ளே ஒரு தட்டு இடியப்பம் இருந்தது.

மத்தேயு செபப்புத்தகத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றார். குசினி வாசலில் நின்ற கிறேஸ் அவரைப் பார்த்தார்.

யோகலிங்கம் நாடாவை நகம் படாமல் வெளியே எடுத்தார். பேனை ஒன்றைக் கசெற்றின் ஓட்டைக்குள் விட்டு, மெல்லச் சுழற்றிச் சுற்ற அரை மணித்தியாலம் எடுத்தது. அந்த அரை மணித்தியாலமும் சோளகம் ஐவரின் கதைதான் நடந்தது.

"டெறிக் ஷேட் பொத்தான் போடாமல்தான் பாடுவான்."

"றெஜினோல்ட் கிற்றாரைத் தோளில வைச்சு வாசிச்சவன்."

"பீற்றர் ஓகனைக் காலாலயும் வாசிப்பான்."

"செல்லையா ட்ரம்ஸ். நாலாச்சு. அஞ்சாவது ஆர்?" என்று மூக்கன் கேட்டார்.

மத்தேயு ஐந்தாவது விரலை மடக்காமல் வைத்திருந்தார். தயாபரன் கூரையைப் பார்த்தார்.

"தடிச்ச கம்பிக் கிற்றார்காரன். பின்னால நிண்டவன். நல்ல பெயர், வாயில நிக்குது," என்றார் மத்தேயு.

"அவன் என்ன வாசிச்சவன்?"

"அவன் வாசிக்கிறது கேக்காது. நிப்பாட்டினால்தான் தெரியும்."

கசெற் மீண்டும் உள்ளே போனது. மூக்கனை மிரட்டி நடுவான வேகத்தில் மிதிக்கவைத்தார்கள். இப்போது சில்லின் கிறீச்சும் சங்கிலியின் கடகடப்பும் பாட்டை விழுங்கின.

"மௌனம் வந்தாலும் உங்கட சங்கிலி கதைக்கும்," என்றார் தயாபரன். "நான் ஒத்துக்கொள்ளன்."

சைக்கிளைத் தூக்கிக் குசினிக்குப் பின்னால், வேலிக்கரையில் வைத்தார்கள். யோகலிங்கம் நீட்டு வயர் ஒன்றை முடிந்து குசினி யன்னலால் உள்ளே எடுத்தார். சத்தம் போய்விட்டது. ஆனால் இப்போது மூக்கனுக்கும் எதுவும் விளங்கவில்லை. "மெதுவா" என்று மத்தேயு கத்தினால் அதைக் கிறேஸ் வாங்கிக் கத்த, மூக்கன் "என்ன?" என்று நிறுத்திவிட்டுக் கேட்டார். கத்துகிற சத்தத்துக்கு, பூசை முடிந்து வந்துகொண்டிருந்த சனம் என்ன சண்டையோ என்று படலையைத் திறந்துகொண்டு வந்தது. தோற்றால் அடுத்த ஞாயிறு வரை காத்திருக்கவும் தேவையில்லை. சாட்சிகள் இன்றைக்கே முற்றம் நிறைய வந்துவிட்டார்கள்.

மத்தேயு குசினிக்குள் போய்த் தண்ணீர் குடித்தார்.

"கிறேஸ், ஒருவேளை நான்தான் பிழையோ தெரியேல்லை," என்றார் மெல்ல. "சொல்லிச் சொல்லி, நான் கண்டது எது, சொன்னது எது எண்டு இப்ப எனக்கே தெரியேல்லை."

கிறேஸ் சேலைத் தலைப்பை இடுப்பில் செருகினார்.

"மூக்கனை இறங்கச் சொல்லுங்கோ. நான் மிதிக்கிறன்."

"உனக்கேலுமே?"

"இருபது வருசமாத் தையல் மெசின் மிதிக்கிறன். ஒரு தையல் கூடாமல் குறையாமல் நிப்பாட்டுவன். உங்கட பாட்டை மிதிக்க மாட்டனே?"

தையல் மெசின் மிதித்த கால் வேறு மாதிரியான கால். அது அவசரப்படாது, களைக்காது. கிறேஸ் ஏறி மிதித்ததும் உள்ளே டெறிக் முதல்முறையாக டெறிக்காகப் பாடினார். றெஜினோல்டின் கிற்றார் ஈயமும் எண்ணெயும் பூசியது மாதிரி மினுங்கியது. முற்றத்தில் நின்றவர்கள் வாசலுக்கு வந்தார்கள். வாசலில் நின்றவர்கள் உள்ளே வந்தார்கள். மூக்கன் தலையை ஆட்டினார். தயாபரனுடைய பெருவிரல் அவருக்குத் தெரியாமலே நிலத்தில் தாளம் போட்டது.

கடைசிப் பாட்டு தொடங்கியது. மத்தேயு கண்ணை மூடிக்கொண்டார்.

டெறிக் உச்சத்துக்குப் போய் இறங்கினார். செல்லையா அடித்தார்.

டும். டும். டும்.

பிறகு ஒன்றுமில்லை.

மத்தேயு கண்ணைத் திறந்தார். கிற்றார் இல்லை, ஓகன் இல்லை, ட்ரம்ஸ் இல்லை. அவருடைய வலதுகைச் சுண்டுவிரல் தானாக மடங்கியது. ஒன்று. இரண்டு. தயாபரன் கதிரை நுனிக்கு வந்தார். ஐந்து. ஆறு. பெருநாளுக்கு வந்த அத்தனை ஆயிரம் சனத்தில் ஒருவர் இருமியது கூடக் கேட்கவில்லை. வீட்டுக்குள் நின்றவர்களும் மூச்சு விடவில்லை. ஒன்பது. பத்து. மத்தேயு மூக்கைத் தொட்டார்.

"ஙொய்ய்ங்" என்று அடியிலிருந்து மேலே எழும்பும் ஓர் இழுவை. அதன் முதுகில் ஏறி ஐந்து பேரும் சேர்ந்து பாய்ந்தார்கள்.

வீடு இரைந்தது. மூக்கன் மத்தேயுவைத் தூக்கினார். தூக்கி என்ன செய்வதென்று தெரியாமல் திரும்பவும் அதே இடத்தில் வைத்தார். யோகலிங்கம் செபப்புத்தகத்தைக் கொஞ்சினார். பாட்டு முடியும்வரை ஒருவரும் கதிரையில் இருக்கவில்லை.

தயாபரன் எழுந்து வந்து மத்தேயுவின் இரண்டு கைகளையும் பிடித்தார். அவருடைய கண் கலங்கியிருந்தது.

"அண்ணை, மன்னிச்சுக்கொள்ளுங்கோ. இப்ப எல்லாம் ஞாபகம் வருது. அந்த இழுவை. றெஜினோல்ட் கம்பியைக் கீழ இருந்து மேல இழுத்தவன். என்ர கண்ணால கண்டனான்."

மத்தேயுவுக்கு இழுவை என்ற ஒன்று இருந்ததே ஞாபகமில்லை. "அதைத்தான் இருபத்திநாலு வருசமாச் சொல்லுறன்," என்றார்.

"இன்னொருக்காப் போடுங்கோ," என்றது சனம்.

"சோறு அடியில பிடிக்குது. கறியும் வைக்கேல்லை," என்று குசினியிலிருந்து கிறேஸின் குரல் வந்தது. அந்தக் குரலுக்கு மேல் அந்த வீட்டில் யாரும் கதைப்பதில்லை.

தயாபரன் கசெற்றை எடுத்து, துவாயால் துடைத்து, மத்தேயுவின் சட்டைப் பையில் வைத்தார். "இது சோளகத்திட்ட இருக்கிறதுதான் முறை." முற்றத்தில் நின்ற எல்லோருக்கும் கேட்க, அடுத்த ஞாயிறு வரை காத்திராமல், அங்கேயே மன்னிப்புக் கேட்டார். போகும்போது படலை வரைக்கும் பதினொன்று பதினொன்று என்று எண்ணிக்கொண்டு போனார்கள். ஐந்தாவது ஆளின் பெயர் மட்டும் கடைசிவரை ஒருவருக்கும் வரவில்லை.

மத்தேயு குசினிக்குள் வந்தபோது இரண்டு அங்குலம் உயர்ந்திருந்தார். கிறேஸ் பலகையில் குந்தியிருந்து முழங்காலைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"கேட்டனியே கிறேஸ்? பதினொண்டு. ஒண்டு கூடவும் இல்லை, குறையவும் இல்லை."

"ஓம், மூண்டாவது டும் யன்னலால கேட்டதில இருந்து எண்ணினனான்," என்றார் கிறேஸ். "ரெண்டு கையாலயும் பிறேக்கைப் பிடிச்சுக்கொண்டு நிண்டதில, பதினொண்டுக்கு மூக்கைத்தான் தொட ஏலாமப் போச்சு."