குராமொச்சி வாயைத் திறக்காத நாள்

"அறிவிப்பு நீங்கதானே சொல்வீங்க?" என்று, ஒலிப்பதிவுக்காக வந்திருந்த நெமோட்டோ மறுபடியும் கேட்டபோது குராமொச்சிக்குக் காது சிவந்துவிட்டது.

"கவலைப்படாதீங்க. இன்னிக்கு நான் வாயே திறக்க மாட்டேன்."

நெமோட்டோவின் முகம் தொங்கிப்போனது. இன்னும் நம்பவில்லை போலிருக்கிறது என்று குராமொச்சி நினைத்துக்கொண்டார்.

நிரேகாவா ரயில் நிலையத்தில் எல்லாமே அவர்தான். டிக்கெட் கிழிப்பதும் அவர், கொடி காட்டுவதும் அவர், பெருக்குவதும் அவர். இந்தத் தடத்தில் பழைய பழுப்பு ரயிலுக்கு இன்று கடைசி ஓட்டம். அவருக்கும் இன்றோடு ஓய்வு. தலைமை அலுவலகம் மறக்காமல் பூங்கொத்து அனுப்பியிருந்தது, ரயிலுக்கு.

நடைமேடை முழுக்க, ஊரார் ஒத்தாக்கு என்று சொல்லும் பித்தர்கள். ரயில் ஒத்தாக்குகளிலும் பல ரகம் உண்டு. படம் பிடிப்பவர்கள் இருக்கிறார்கள், ஏறி ஊர் சுற்றுபவர்கள் இருக்கிறார்கள். இவர்கள் சத்தம் பிடிப்பவர்கள். நீளக் கம்புகளின் நுனியில் ரோமம் போர்த்திய மைக்குகள், பூனைக்குட்டிகள் போல. ஒருவர் டிக் டிக் என்கிறதே என்று கைக்கடிகாரத்தைக் கழற்றி, துண்டில் சுற்றி, சாப்பாட்டு டப்பாவுக்குள் வைத்து மூடினார். ஒரு பெண் சரசரக்கிறதென்று மேல்கோட்டையே கழற்றிவிட்டு, குளிரில் பற்கள் தந்தியடிக்காமலிருக்கக் கைக்குட்டையைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

குராமொச்சிக்கு மெய்சிலிர்த்தது. கோயிலில்கூட இப்படியொரு பக்தியை அவர் பார்த்ததில்லை.

இவர்களுடைய பதிவில் தன் குரல் விழலாமா? 'கதவு மூடுது' என்று அவர் சொன்னால், 'மூ' மூக்குக்குள் போய்விடும். 'டு' கெட்டில் விசிலடிப்பதுபோல உடைந்து வெளியே வரும். பள்ளிப் பிள்ளைகள் தினமும் அதைச் சொல்லிக் காட்டிவிட்டுத்தான் ரயிலேறுவார்கள்.

அதனால்தான் பக்கத்து நிலையத்தில் அறிவிப்புச் சொல்லும் மியாகே-சானின் தேன் குரலைப் பதிவு செய்து வாங்கி வைத்திருந்தார். ஒலிபெருக்கியில் ஒருமுறை போட்டுக் காட்டினார்.

கூட்டம் பெருமூச்சு விட்டது.

"ஏன், நல்லாயில்லையா?"

"ரொம்ப... சுத்தமா இருக்கு," என்றார் நெமோட்டோ ஈனஸ்வரத்தில்.

வேறு ஏதோ சத்தம் கெடுக்கிறது. குராமொச்சி காதைத் தீட்டிக்கொண்டார். மூலையில் குளிர்பான இயந்திரம் 'ம்ம்ம்' என்று முனகிக்கொண்டிருந்தது. ஓடிப்போய் பிளக்கைப் பிடுங்கினார். அது சுவர்க்காரையோடு பெயர்ந்து வந்தது. பளீரென்று ஒரு பொறி. விளக்கு, டிக்கெட் இயந்திரம், ஒலிபெருக்கி எல்லாம் சேர்ந்து அடங்கின. மியாகே-சானும் அடங்கினாள்.

ரயில் வந்து நின்றது. ஓட்டுநர் தலையை நீட்டினார்.

"என்ன குராமொச்சி-சான், சத்தத்தையே காணோம்?"

குராமொச்சி கதவைச் சுட்டிக்காட்டி, இரண்டு உள்ளங்கைகளையும் மெல்ல ஒன்றுசேர்த்துக் காட்டினார்.

"எதுக்கு என்னைக் கும்பிடறீங்க? நான் இன்னும் சாகலையே."

கொடியை ஆட்டினார்.

"அறிவிப்பு இல்லாம கதவை மூட முடியாது. எனக்குச் சொல்லிக் குடுத்ததே நீங்கதான். வண்டி லேட்டாகுது."

லேட். இத்தனை வருடத்தில் குராமொச்சியின் கையால் ஒரு வண்டி தாமதமானதில்லை.

ஒத்தாக்குகளில் ஒருவர்கூட ரயிலில் ஏறவில்லை. ரோம மைக்குகள் எல்லாம் அவர் பக்கம் திரும்பின. யாரும் மூச்சு விடவில்லை. எதிர்க்கம்பத்தில் ஒரு காகம் வாயைத் திறந்தது, கூட்டத்தைப் பார்த்தது, மூடிக்கொண்டது. அப்படியொரு நிசப்தம் பூமியில் இருக்க முடியும் என்று அவருக்கு அதுவரை தெரியாது.

குராமொச்சி கண்ணை மூடிக்கொண்டார்.

"கதவு மூ...டுது. கவனம்."

'டு' என்றுமில்லாத அளவுக்கு மோசமாகச் சிதறி, எதிர்மலையில் மோதித் திரும்பி வந்து, இன்னொரு தரம் உடைந்தது.

கதவு மூடியது. ரயில் போயிற்று. குராமொச்சி தொப்பியைக் கழற்றி, இடுப்பு ஒடியக் குனிந்தார்.

"மன்னிச்சிடுங்க. கடைசி ரயில் சத்தத்தை நானே பாழாக்கிட்டேன்."

நிமிர்ந்து பார்த்தார். ரயில் போன திசையை யாரும் பார்க்கவில்லை. கைக்குட்டைப் பெண் அழுதுகொண்டிருந்தாள். நெமோட்டோ ஹெட்போனைக் கழற்றினார்.

"அந்த வண்டி அடுத்த வாரத்துலேர்ந்து பக்கத்து மாவட்டத்துல ஓடும், ஐயா. நாங்க வந்தது உங்க குரலுக்கு."